கற்றவன் யாருக்குக் கடன்பட்டான்?

கடன் வாங்கிக் கலியாணம் செய்தவனை நம் சமூகம் ஏளனம் செய்வதில்லை. பந்தலைப் புகழ்ந்து, பந்தியில் உட்கார்ந்து உண்டுவிட்டுப் போகின்றது. கடன் வாங்கிக் காவடி எடுத்தவனைப் பக்திமான் என்று கொண்டாடுகின்றது. கடன் வாங்கிச் சர்வகலாசாலையிற் படித்தவனை மட்டும், "ஐயோ பாவம், படித்து முடிக்குமுன்னே தலைமேற் கடன் ஏறிவிட்டதே!" என்று பரிதாபத்தோடு பார்க்கின்றது. அதே மாணாக்கன் ஒரு சங்கத்தின் மேடையிலே மாலை சூட்டப்பெற்று உதவித் தொகை வாங்குவானாயின், அவனுடைய பெற்றோர் தெருவிலே தலை நிமிர்ந்து நடக்கின்றனர். இலவசமாக வந்த பணம் கௌரவம். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அவமானம். இவ்வெண்ணம் நம்மிடையே எப்படி வேரூன்றிற்று? இது சரிதானா? இவ்வினாவை என் மனத்திலே எழுப்பியவன் ஓர் இளைஞன். அவன் கதையை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் மாநிலத்துச் சிறு பட்டணமொன்றில், ஏழை மாணாக்கர்க்கு உதவும் சங்கமொன்றின் தேர்வுக் குழுவிலே நானும் ஓர் அங்கத்தினனாக உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு இப்புறம் நாங்கள் ஐவர். தேநீரும் பலகாரமும் எங்கள் முன்னே இருந்தன. மேசைக்கு அப்புறம் ஒரே ஒரு நாற்காலி. அதிலே வந்து உட்கார்ந்தான் அவன். தகப்பனார் லாரி ஓட்டுபவர். தாயார் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவனுக்குப் பின்னே மூன்று தங்கைகள். பொறியியல் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நாங்கள் வினவத் தொடங்கினோம். வீடு சொந்தமா, வாடகையா? மோட்டார் சைக்கிள் எத்தனை? தகப்பனார் குடிப்பாரா? கையிலிருக்கும் தொலைபேசி என்ன விலை? இக்கடைசி வினாவைக் கேட்டவன் நானே என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். எல்லாவற்றிற்கும் அவன் நிதானமாக விடை சொன்னான். பிறகு, "ஐயா, இந்தப் பணத்தை எனக்குக் கடனாகக் கொடுக்க முடியுமா? வேலைக்குப் போனதும் தவணையாகக் கட்டிவிடுகிறேன்" என்றான். தலைவர் சிரித்தார். "தம்பி, நாங்கள் என்ன வட்டிக்கடையா நடத்துகிறோம்? கொடுப்பதை வாங்கிக்கொண்டு நன்றாகப் படி" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. சேர்க்கைக் கட்டணம் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் செலுத்தப்பட வேண்டியிருந்தது. "சரி ஐயா" என்று எழுந்து போனான். சங்கத்தின் ஆண்டு விருந்தன்று, 2,000 வெள்ளி என்று மேசையகலத்துக்கு எழுதிய அட்டைக் காசோலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலே நின்றான். புகைப்படம் எடுத்தவர், "கொஞ்சம் சிரி தம்பி" என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிரவு வீடு திரும்பும்போது நான் எண்ணிப் பார்த்தேன். இலவசமாக வருவதைக் கடனாகத் தா என்று கேட்பவன் மூடனா? அல்லது நாங்கள் அறியாத ஏதோ ஒன்றை அவன் அறிந்திருந்தானா?

மலேசியா, சிங்கப்பூர் நாடுகளிலே நாம் தலைமுறை தலைமுறையாக 'உபகாரச் சம்பளம்' என்னும் சொல்லை வழங்கி வருகின்றோம். இச்சொல்லை ஒருகணம் நின்று பார்த்தவர் சிலரே. உபகாரம் என்பது கைம்மாறு கருதாது செய்வது. சம்பளம் என்பது செய்த வேலைக்கு உரிமையோடு பெறுவது. உபகாரத்துக்கு நன்றி சொல்லவேண்டும். சம்பளத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத இவ்விரண்டையும் ஒரே சொல்லிற் கட்டி வைத்தனர் நம் முன்னோர். மாணாக்கனைப் பற்றிய நமது குழப்பமும் அச்சொல்லிலேயே கட்டுண்டு கிடக்கின்றது. பரீட்சையில் முதன்மையாகத் தேறியவனுக்கு நாம் பணம் கொடுக்கும்போது அது அவன் உழைப்புக்குக் கூலி என்கின்றோம். அவன் பிறகு நம்மை மதியாமற் போனால், உபகாரத்தை மறந்த நன்றிகெட்டவன் என்கின்றோம். இரண்டு வேடத்தையும் ஒரே பணத்துக்குப் போட்டுப் பார்ப்பது நேர்மையாகுமா?

பொருள் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பழைய எண்ணமே. புறநானூற்றின் 183ஆம் பாட்டிலே, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன், ஆசிரியனுக்கு இடர் வந்தபோது உதவியும், மிகுந்த பொருள் கொடுத்தும் கற்பது நன்று என்கின்றான். கீழ் என்று சொல்லப்பட்ட குலத்தில் ஒருவன் கற்றால், மேற்குலத்தானும் அவனிடம் பணிந்து கற்பான் என்றும் சொல்லத் துணிகின்றான். துணிவான சொல்தான், ஐயமில்லை. ஆனால் மிகுந்த பொருளைக் கொடு என்று சொன்ன மன்னன், அப்பொருள் இல்லாதவன் எங்கே போவான் என்று சொல்லவில்லை. அரசனல்லவா? அவ்வினா அவனுக்குத் தோன்றாதது வியப்பன்று.

அவ்வினாவுக்குச் சோழர் காலம் ஒருவகையாக விடை சொல்லிற்று. முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டிலே, ஒரு கல்லூரிக்கு விடப்பட்ட நிவந்தம் கூறப்படுகின்றது. இளம் மாணாக்கர் 270 பேர், மூத்த மாணாக்கர் 70 பேர். நாள்தோறும் அவரவர்க்கு அளக்க வேண்டிய நெல் இவ்வளவு என்று கணக்காகக் கல்லிலே வெட்டி வைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே இத்துணைத் திட்டமான கல்வி உதவியா என்று நாம் மார் தட்டிக் கொள்ளலாம். ஆயினும் அங்கே கற்பிக்கப்பட்டவை யாவை? வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். அவற்றைக் கற்க உரிமை பெற்றிருந்தவர் எக்குலத்தார் என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நெல்லை விளைவித்தவனின் மகன் அக்கல்லூரி வாயிலிலே நிற்கவும் இயலாது. உழுதவன் ஒருவன், உண்டு கற்றவன் ஒருவன், புகழ் பெற்றவன் அரசன். கற்றவன் யாருக்குக் கடன்பட்டான் என்று அன்று கேட்டிருந்தால், அரசனுக்கு என்றுதான் விடை வந்திருக்கும். உழுதவன் பெயர் அக்கல்லிலே இல்லை.

இங்கே நம் நாட்டுக் கதையும் இதனோடு ஒப்பிடத் தக்கதே. 1885இல் நீரிணைக் குடியேற்றங்களில், விக்டோரியா ராணியின் பேரால் உபகாரச் சம்பளம் ஒன்றைக் காலனி அரசாங்கம் ஏற்படுத்திற்று. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணாக்கரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பிற்று. அனுப்பப்பட்டவர்கள் கெட்டிக்காரர்களே; ஆனால் பல இனத்து உழைப்பாளர் செலுத்திய வரியிலிருந்தே அப்பணம் எடுக்கப்பட்டது. பெயர் ராணியுடையது, பணம் ஊராருடையது.

1905இல் சிங்கப்பூரிலே முதல் மருத்துவப் பாடசாலை 23 மாணாக்கரோடு தொடங்கிற்று. அரசாங்கம் தானாக முன்வந்து அதைத் தொடங்கிவிடவில்லை. டான் ஜியாக் கிம் முதலிய பிரமுகர்கள் விண்ணப்பம் செய்து, மக்களிடத்தே 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்த பிறகே அது பிறந்தது. அதுவும் 1928இல் வகுப்புகள் தொடங்கிய ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து, 1949 அக்டோபரில் மலாயா சர்வகலாசாலை ஆயின. அதன் பின்னர் 1953இல் டான் லார்க் சை, சீன மொழியிலே ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று எழுந்தார்; தாமே 50 இலட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். அது செல்வர் செய்த காரியம். அதன்பின் நடந்ததுதான் நெஞ்சைத் தொடுவது. டிரைஷா மிதிப்பவர்கள் ஒருநாட் கூலியைக் கொடுத்தார்கள். டாக்சி ஓட்டுநர் கொடுத்தார்கள்; நடன விடுதியில் ஆடிப் பிழைத்த பெண்களும் கொடுத்தார்கள். 1956இல் வகுப்புகள் தொடங்கிய நன்யாங் சர்வகலாசாலை அப்படி எழுந்தது. தமிழரும் சளைத்தவரல்லர். 1950களில் மலாயா சர்வகலாசாலையில் இந்திய இயற்பகுதி ஏற்பட்டபோது, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்கு, தம் பிள்ளைகள் அவ்வாயிலை மிதிப்பார்களோ மாட்டார்களோ என்று அறியாத எளிய மக்கள் ஒவ்வொரு வெள்ளியாகக் கொடுத்தார்கள்.

இப்பொழுது கேட்கின்றேன்: நன்யாங்கிலே படித்து வெளிவந்த ஒருவன், டிரைஷாக்காரனுக்குத் தன் கடனை எங்ஙனம் தீர்ப்பான்? அவன் யாரென்றே தெரியாதே! நன்றி சொல்லப் போனால் முகவரி இல்லை. பணம் கட்டப் போனால் வாங்குவார் இல்லை. பொதுப் பணத்திலே கற்ற ஒவ்வொருவரின் நிலையும் இதுவே. சிங்கப்பூர்ச் சர்வகலாசாலைகளிலே குடிமகனாகிய மாணாக்கன் செலுத்தும் கட்டணம், படிப்பின் முழுச் செலவன்று. பெரும்பங்கை அரசாங்கத்தின் கல்விக் கட்டண மானியம் ஏற்றுக்கொள்கின்றது. மலேசியாவின் அரசாங்கச் சர்வகலாசாலைகளிலும் அவ்வாறே. "நான் யாரிடமும் காலணா வாங்காமற் படித்தேன்" என்று மார் தட்டுகின்ற பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இவ்விடத்திலே செவி கொடுத்துக் கேட்க வேண்டியது உண்டு. அவன் தந்தை கட்டியது சிறு பகுதி. மற்றதைக் கட்டியவர்களுள், கடையிலே ஒரு டின் பால் வாங்கி வரி செலுத்திய கிழவியும் ஒருத்தி. எனவே உதவி பெற்றுக் கற்றவர், பெறாது கற்றவர் என்னும் பிரிவே பெரும்பாலும் கற்பனை.

நிற்க. கொடுத்தவனுக்குத் திருப்பிச் செலுத்துவதே கடமை என்று வைத்துக் கொண்டால் என்ன ஆகின்றது என்பதற்கு, சிங்கப்பூரிலே 1998இல் நடந்த ஒரு வழக்காடல் நல்ல சான்று. அரசாங்க ஸ்தாபனங்கள் சிறந்த மாணாக்கரைத் தேர்ந்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கின்றன. திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். சிலர் திரும்பி வந்து, ஒப்பந்தக் காலம் முடியுமுன்னே, பத்திரத்திற் கண்ட ஈட்டுத்தொகையைக் கட்டிவிட்டு வேறிடம் சென்றனர். அவ்வாறு சென்றவர்களின் பெயர்களை வெளியிடுவது என்று பொருளாதார வளர்ச்சிக் கழகம் முடிவு செய்தபோது, பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் பெரும் விவாதம் மூண்டது. ஒரு சாரார், "பத்திரத்திலே கண்டபடி பணத்தைக் கட்டிவிட்டான், அவனை அவமானப்படுத்த யாருக்கு உரிமை?" என்றனர். மற்றொரு சாரார், "பணத்தைக் கட்டினால் வாக்குத் தீர்ந்ததா? இது கடை வியாபாரமா?" என்றனர்.

இரு சாராரும் ஒரு பாதி உண்மையையே பிடித்துக் கொண்டிருந்தனர் என்பது என் கருத்து. ஒப்பந்தத்தை முறித்தால் இவ்வளவு பணம் என்று கொடுத்தவரே விலை எழுதி வைத்திருக்கும்போது, அவ்விலையைக் கொடுத்தவனைத் திருடன் என்பது நியாயமாகாது. கொடுத்தவரின் கணக்கு அத்துடன் தீர்ந்தது. ஆயினும் நம் மனம் அமைதியடைவதில்லை. ஏதோ ஒன்று தீராமல் நிற்கின்றது. அஃது யாது? அதே நாளில், அதே வரிசையில், ஒரு மதிப்பெண் குறைந்து நின்ற மற்றொருவன் இருந்தான். அவனுக்கு "வருந்துகிறோம்" என்று கடிதம் போயிற்று. அவன் வெளிநாடு போகவில்லை. திரும்பி வந்து இந்நாட்டுக்கு உழைப்பேன் என்று அவனும் சொல்லியிருப்பான். அதை மெய்யாகவே செய்தும் இருப்பான். ஒப்பந்தத்தை முறித்தவன் கட்டிய ஈட்டுத்தொகையிலே ஒரு காசேனும் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. போயிருந்தாலும் பயனில்லை, அவனுடைய பதினெட்டு வயது திரும்பி வராது.

உதவி பெற்றுக் கற்றவன் கடன்பட்டிருப்பது கொடுத்தவனுக்கு மட்டுமன்று. தன் பக்கத்திலே நின்று, பெறாமற் போனவனுக்கும், தனக்குப் பின்னே வரிசையில் நிற்பவனுக்குமே அவன் பெரிதும் கடன்பட்டவன். கொடுத்தவன் மன்னித்து விடலாம், மறந்து விடலாம், நன்யாங்கின் டிரைஷாக்காரனைப் போல மறைந்தும் போய்விடலாம். பெறாமற் போனவன் மன்னிப்பானா என்று நாம் அவனைக் கேட்பதே இல்லை.

இந்தக் கண்கொண்டு பார்த்தால், ஏளனமாக எண்ணப்படும் கல்விக் கடன் வேறொரு முகம் காட்டுகின்றது. மலேசியாவிலே 1997இல் சட்டத்தின் வாயிலாக ஏற்படுத்தப்பட்ட தேசிய உயர் கல்வி நிதிக் கழகத்தை, பி.டி.பி.டி.என். என்னும் எழுத்துக்களால் அறியாத மாணாக்கர் இல்லை. அதிலே கடன் பெற்றுப் பட்டதாரியானவர்கள் இலட்சக்கணக்கானோர். 2008இல் வட்டி முறையை விடுத்து, ஆண்டுக்கு 1 சதவீதம் சேவைக் கூலி என்னும் முறைக்கு வழி வகுத்தனர். கட்டாதவர்கள் நாட்டை விட்டுப் பிரயாணம் செய்ய முடியாதபடி தடையும் சிலகாலம் இருந்தது. 2018இல் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலங்களிலெல்லாம் காப்பிக்கடையிலே நான் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "அரசாங்கப் பணம்தானே! அவர்கள் கொள்ளை கொள்ளையாய் அடிக்கிறார்கள், நான் ஏன் கட்ட வேண்டும்?" இது கேட்பதற்குப் புரட்சிப் பேச்சுப் போல இருக்கின்றது. பகுத்தறிவோடு பார்த்தால் அவ்வாறில்லை. கட்டாத பணம் மந்திரியின் பையிலிருந்து குறைவதில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடப்போகின்ற, தோட்டத்து வீட்டிலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ இருக்கின்ற ஒரு பெண்பிள்ளையின் பங்கிலிருந்து குறைகின்றது. நிதி குறைந்தால் தொகையைக் குறைப்பார்கள். அல்லது கழகம் வெளியிலே கடன் வாங்கும். அக்கடனையும் நாமே சுமப்போம். கொள்ளையடித்தவனைத் தண்டிக்க வேறு வழி தேட வேண்டுமேயன்றி, அந்தப் பெண்ணைத் தண்டித்து என்ன பயன்?

ஆனால் இதைச் சொன்ன வாயாலேயே மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கின்றது. கட்ட முடிந்தவன் கட்டாதது வேறு. கட்ட முடியாதவன் கட்டாதது வேறு. பணக்கார வீட்டு மகனும் ஏழை வீட்டு மகளும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் பட்டம் பெறுகின்றனர். மறுநாட் காலை அவன் சுழியத்திலிருந்து தொடங்குகின்றான். அவள் சுழியத்துக்கும் கீழே, கடனிலிருந்து தொடங்குகின்றாள். போதாக்குறைக்கு முதற் சம்பளத்திலே தம்பியின் பள்ளிக் கட்டணமும் தாயாரின் மருந்துச் செலவும் அவளைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கின்றன. கடன் பாரம் இன்னொன்றும் செய்கின்றது. வரலாறோ தமிழோ படிக்க விரும்பியவளை, விரைவிலே பணம் தரும் படிப்புக்குத் துரத்துகின்றது. நம் சமூகத்திலே தமிழாசிரியரும் ஆராய்ச்சியாளரும் குறைந்து வருவதைப் பற்றி மாநாடு கூட்டிக் கண்ணீர் விடுகின்றவர்கள், இதைச் சிறிது கவனிப்பார்களாக.

இச்சிக்கலுக்கு ஆஸ்திரேலியா 1989இல் ஒரு வழி கண்டது. 1974இல் சர்வகலாசாலைக் கட்டணத்தையே நீக்கிப் பார்த்த நாடு அது. பின்னர், மாணாக்கனும் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்று திட்டமிட்டபோது, படிக்கும்போது ஒன்றும் கட்ட வேண்டாம். வேலைக்குப் போய், வருமானம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே, வருமான வரியோடு சேர்த்துச் சிறிது சிறிதாகக் கட்டினாற் போதும் என்று வைத்தது. வருமானம் அவ்வளவை எட்டாத ஆண்டில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. பிணைக்கு ஆள் தேடி மாமன் வீட்டு வாசலிலே நிற்க வேண்டியதும் இல்லை. குறைகள் அதிலும் உண்டு. கட்டணத்தை ஏற்றிக் கொண்டே போவதற்கு அது அரசாங்கத்துக்கு எளிதான வழியாயிற்று என்பார் உளர். எனினும், உன்னால் இயலும்போது, உன் பின்னே வருபவனுக்காகக் கொடு என்னும் எண்ணம் அதிலே தெளிவாக இருக்கின்றது. கடனை அவமானத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதை அது காட்டிற்று.

இதற்கு நேர்மாறாக, நம் நாட்டு நிதிக் கழகத்திலே முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனிலிருந்து விலக்களிக்கும் வழக்கம் ஏற்பட்டது. படிப்பிலே ஊக்கம் உண்டாகட்டும் என்பது நல்லெண்ணமே. ஆயினும் முதல் வகுப்பிற் தேறியவனுக்கு நல்ல வேலையும் முதலிற் கிடைக்கின்றது. மாலையிலே உணவுக்கடையில் தட்டுக் கழுவிக் கொண்டு படித்து, இரண்டாம் வகுப்பில் தேறியவள் முழுக்கடனையும் கட்டுகின்றாள். கொடுக்கக் கூடியவனை விட்டுவிட்டு, தள்ளாடுகின்றவளைப் பிடித்துக் கொள்வது என்ன தர்மம்? உபகாரத்தையும் சம்பளத்தையும் ஒன்றாகக் குழப்பியதன் பலன் இது.

சிங்கப்பூரிலே 1989 முதல் வேறொரு முறையும் உண்டு. அதைக் கேட்ட எங்கள் உறவினர் ஒருவர் காதைப் பொத்திக் கொண்டார். மத்திய சேம நிதியிலே தகப்பனோ தாயோ முதுமைக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தின் ஒரு பகுதியைப் பிள்ளையின் கட்டணத்துக்கு எடுக்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழிந்தபின், பிள்ளை அதை வட்டியோடு பெற்றவரின் கணக்கிலே திருப்பிக் கட்ட வேண்டும். "மகன் தகப்பனுக்கு வட்டி கட்டுவதா! கலி முற்றிவிட்டது" என்றார் அவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நம் வீடுகளிலே தகப்பன், "எனக்கு நீ ஒன்றும் தர வேண்டாம் ராஜா, நீ நன்றாக இருந்தாற் போதும்" என்று சொல்லிச் சேமித்ததையெல்லாம் கொட்டுவான். மகனும் அதை அப்படியே நம்பிவிடுவான். எழுபது வயதிலே அந்தத் தகப்பன் காவற்காரன் உடை அணிந்து, அடுக்குமாடி வாயிலிலே இரவெல்லாம் கொட்டாவி விட்டு உட்கார்ந்திருப்பதை நாம் காண்கின்றோம். வாயாற் சொல்லத் தகப்பன் கூசுகின்ற ஒன்றை, அந்தப் பத்திரம் அவனுக்காகச் சொல்லி விடுகின்றது. அன்பு இருக்கும் வீட்டிலே அதனால் அன்பு குறையாது. அன்பு இல்லாத வீட்டிலே கிழவனுக்குச் சோறாவது மிஞ்சும்.

இதனோடு சேர்ந்த சிறிய விஷயம் ஒன்று. மகன் படிப்புக்குத் தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். மகள் படிப்புக்கென்றால், அதே சங்கிலி அவள் கலியாணத்துக்கு வேண்டும் என்று பெட்டிக்குள்ளே ஒளிந்துகொள்ளும். கடன் கொடுக்கும் கழகம் ஆண் பெண் என்று கேட்பதில்லை. பெற்றவர் கொடுக்க மனமில்லாத இடத்திலே, நம் பெண்களிற் பலர் தாமே கையெழுத்திட்டுக் கடன் வாங்கித் தாமே படித்துக் கரையேறியிருக்கின்றனர். அவர்களிடம் போய்க் கடன் அவமானம் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி, அந்த இளைஞனிடத்துக்குத் திரும்புகின்றேன். அவன் கடனாகக் கேட்டதன் பொருள் எனக்கு வெகு நாள் கழித்தே விளங்கிற்று. கொடையாக வாங்கினால், நாங்கள் கேட்ட எந்த வினாவுக்கும் அவன் விடை சொல்லித்தான் தீரவேண்டும். தகப்பன் குடிப்பாரா என்பது வரையிலே தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்ட வேண்டும். பிறகு சிரிக்கவும் வேண்டும். கடனாக வாங்கினால் அவன் எங்களுக்குச் சமானமானவன். வாங்கினேன், தருவேன், நடுவிலே என் குடும்பத்தைப் பற்றி உனக்கு என்ன? வறுமையை விசாரியாமல் உதவியை எங்ஙனம் பங்கிடுவது என்று குழுவினர் கேட்கலாம். விசாரிக்கத்தான் வேண்டும், குடும்ப வருமானத்தைக் காட்டும் ஒரு காகிதம் போதும். எஞ்சிய வினாக்களெல்லாம், கொடுப்பவனாகிய நான் எவ்வளவு பெரியவன் என்று எனக்கு நானே காட்டிக் கொள்வதற்காகக் கேட்கப்பட்டவை. தொலைபேசியின் விலையைக் கேட்டவன் என்னும் முறையில் இதை நான் அறிவேன்.

மறு ஆண்டுக் கூட்டத்திலே, விரும்பியவர்க்கு வட்டியில்லாக் கடனாகவும் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். கடன் என்றால் வசூலிக்க ஆள் வேண்டும், கட்டாதவனைக் கேட்டால் சங்கத்துக்குக் கெட்ட பெயர், மேலும் நன்கொடையாளர்கள் புகைப்படத்தை எதிர்பார்க்கின்றார்கள் என்று சொல்லித் தள்ளிவிட்டனர். ஆதரவாக எழுந்த கைகள் இரண்டு. அவற்றுள் ஒன்று என்னுடையது.

சில ஆண்டுகள் கழித்துச் சங்கத்தின் வங்கிக் கணக்கிலே 500 வெள்ளி வந்து சேர்ந்தது. அனுப்பியவன் அவனே, விவரம் எழுதும் இடத்தில் 'முதல் தவணை' என்று மட்டும் குறித்திருந்தான். பொருளாளர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கொண்டு திகைத்தார். சந்தா, நன்கொடை, விருந்துச் சீட்டு விற்பனை, வங்கி வட்டி என்று வரவிலே நான்கு தலைப்புகள் இருந்தன. கொடுத்தது திரும்பி வந்தால் எழுதுவதற்குத் தலைப்பு இல்லை. நன்கொடை என்று எழுதப் போனார். நான் வேண்டாம் என்றேன். 'இதர வரவு' என்று எழுதி வைத்தார். அவ்வாண்டு பட்டியலிலே கடைசியாக நின்ற ஒரு பெண்ணுக்குப் பணம் போதவில்லை என்று கடிதம் எழுத இருந்தோம். அந்த 500 வெள்ளியை அவள் பேருந்துச் செலவுக்கும் புத்தகத்துக்கும் கொடுத்தோம். இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை. அவனுக்கு வேலை நிலைத்ததோ இல்லையோ, தங்கைகளில் எவளேனும் படிக்கின்றாளோ, அறியோம். கேட்டெழுதலாம் என்று பொருளாளர் சொன்னார். கேட்க நமக்கு உரிமை ஏது? அன்று அதைக் கடனாகக் கொடுக்க மறுத்தவர்கள் நாம்தாமே.